நான் விழுந்த கதையை மேடையில் சொல்லலாமா என்று கேட்டாய்

ராசா,

நீ அனுப்பின பேச்சை வாசித்தேன். ஃபோனில் எழுத்துச் சின்னதாக இருந்தது. அப்பா தன் கண்ணாடியைத் தந்து பார்த்தார், அதுவும் சரிவராமல் கடைசியில் அவரே சத்தமாக வாசித்துக் காட்டினார். ஒஸ்லோவின் இந்தப் பக்கம், குரோருட்டில், கட்சிக் கூட்டத்தில் நீ பேசப்போகிற முதல் பெரிய பேச்சு. தொடங்கிக் கொஞ்ச நேரத்திலேயே நான் வந்துவிடுகிறேன். "என் அம்மா இந்த நகரத்தின் முதியவர்களைக் குளிப்பாட்டி, சாப்பாடு ஊட்டிப் பல வருடம் உழைத்தவர். ஒரு நாள் வேலை முடிந்து வீட்டுக்கு நடந்து வரும்போது அவரைத் தள்ளி விழுத்தி, கழுத்துச் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடினார்கள்" என்று எழுதியிருக்கிறாய். அதற்குக் கீழே எனக்கு மட்டும் ஒரு கேள்வி: "இதைச் சொல்லலாமா அம்மா?" பக்கத்தில் ஒரு சின்ன இதயம். "சொல்லட்டுமே, உண்மைதானே" என்றார் அப்பா. நான் சோறு வடிக்க எழும்பிப் போய்விட்டேன். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் உனக்குப் பதில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஒரு சொல்லில் அடங்குகிற பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் இந்தக் கடிதம். தமிழில் எழுதுகிறேன். நீ தமிழை மெதுவாகத்தான் வாசிப்பாய், இதை அப்படித்தான் வாசிக்க வேண்டும்.

முதலில் சந்தோஷத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அம்மா குறை சொல்லத்தான் கடிதம் எழுதினா என்று நினைப்பாய். ரீ-பான ரயில் நிலையத்துக்குப் போகிற வழியில், இந்தத் தேர்தலில் நிற்கிற உன் படம் ஒட்டியிருக்கிறது. வேலைக்குப் போகும்போதெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகிறேன். போன கிழமை யாரோ உனக்குப் பேனையால் மீசை கீறிவிட்டிருந்தார்கள். கைப்பையிலிருந்த ஈரத்தாளை எடுத்துத் துடைத்துக்கொண்டு நின்றேன். நாயோடு வந்த ஒரு வெள்ளைக்காரக் கிழவர் நின்று பார்த்தார். "இது என்ரை மகன்" என்றேன். அவர் உன் பேரை எழுத்துக் கூட்டி வாசிக்கத் தொடங்கி, பாதி வழியில் சிரித்துவிட்டு, நீளமான பேர், ஆனால் நல்ல முகம் என்றார். அந்தப் பேரைப் படத்தில் சுருக்கிப் போடலாமா என்று கட்சியில் கேட்டார்களாம், நீ மாட்டேன் என்றாயாம். அப்பா சொல்லித்தான் தெரியும். அன்றைக்கு எனக்கிருந்த பெருமையை உனக்கு நான் காட்டவில்லை. இப்போது சொல்கிறேன்.

அந்த நாளை நீ பேச்சில் இரண்டு வரியில் முடித்துவிட்டாய். நான் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன், நீ அறியாத பகுதிகளும் அதில் இருக்கின்றன. போன நகரசபைத் தேர்தலுக்கு முந்திய கோடை அது. நீ அப்போது நகர அரசாங்கத் தலைவரின் ஆலோசகர்களில் ஒருத்தன். ஊரிலிருந்து ஃபோன் எடுக்கிற உன் சித்திக்கு இதை விளங்கப்படுத்த நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இங்கே மேயர் என்று கழுத்தில் சங்கிலி போடுகிறவர் ஒருத்தர், நகரத்தை நடத்துகிறவர் வேறொருத்தர், என் மகன் நடத்துகிறவரிடம் வேலை செய்கிறான் என்பேன். அவள் எல்லாம் கேட்டுவிட்டு, "அப்ப தம்பி மேயரிலும் பாக்கப் பெரிசோ?" என்பாள். நானும் ஓம் என்றுவிடுவேன்.

வயோதிபர் இல்லத்தில் வேலை நேரத்தில் நகை போடக்கூடாது. உடுப்பு மாற்றுகிற அறையில் சங்கிலியைக் கழற்றி வைத்துவிட்டு, வேலை முடியப் போட்டுக்கொண்டு வருவேன். அன்றைக்கும் அப்படித்தான், நல்ல வெளிச்சத்தில், நிலையத்திலிருந்து எங்கள் கட்டடத்துக்கு வருகிற நடைபாதையில் வந்துகொண்டிருந்தேன். பின்னால் ஓடி வருகிற சத்தம் கேட்டது. யாரோ பஸ்ஸுக்கு ஓடுகிறார்கள் என்று நினைத்து ஒதுங்கி வழி விட்டேன். வழி விட்ட பக்கத்தாலேயே வந்து கழுத்தில் கை வைத்தார்கள். சங்கிலி உடனே அறவில்லை, இழுத்த இழுவையில் நான் விழுந்துவிட்டேன். கையை ஊன்றி விழுந்ததால் வலது மணிக்கட்டு உடைந்தது. இரண்டு பேர். ஒருத்தன் தொப்பியால் தலையை மூடியிருந்தான், முகம் தெரியவில்லை. மற்றவன் மண்ணிறத் தோல், ஒல்லி, உன்னிலும் பார்க்கக் கொஞ்சம் இளையவன். ஓடும்போது அவன் திரும்பி என்னைப் பார்த்து, நோர்வேஜியத்தில் "மன்னிக்கவும்" என்றான். ரயிலில் ஒருவரின் காலை மிதித்துவிட்டால் சொல்வோமே, அந்தக் குரலில். பொலிஸிடம் இதையும் சொன்னேன். அந்தப் பெண் பொலிஸ் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தா. எந்த நாட்டு ஆள் மாதிரி இருந்தான் என்று கேட்டா. எனக்குத் தெரியாது, என் மகன் மாதிரியும் இருந்தான் என்றேன். பேப்பரில் "வெளிநாட்டுப் பின்னணி கொண்ட இரண்டு இளைஞர்கள்" என்று வந்தது. அவர்கள் பொய் எழுதவில்லை. ஒஸ்லோவில் பிறந்த நீயும் இவர்களுக்கு வெளிநாட்டுப் பின்னணி கொண்ட இளைஞன்தான்.

நீ வேலையை அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்தாய். என் கையில் பிளாஸ்டர் இருந்த நாள்களில் எனக்குத் தலை இழுத்துப் பின்னிவிட்டது நீதான். சின்ன வயதில் என் பின்னல் நுனியைப் பிடித்துக்கொண்டுதான் நித்திரை கொள்வாய், அந்தப் பழக்கமோ என்னவோ, அப்பாவைப் போல நோக இழுக்கமாட்டாய். பின்னல் கோணலாக வரும். நான் அவிழ்க்காமல் அப்படியே விட்டுவிடுவேன். ஒரு நாள் பின்னிக்கொண்டிருக்கும்போது, என் முகம் தெரியாத இடத்தில் நின்றுகொண்டு சொன்னாய்.

"அம்மா, பேப்பர்க்காரர் ஃபோன் எடுப்பினம். தேர்தல் முடியுமட்டும் ஒருத்தரோடையும் கதைக்காதேங்கோ."

"ஏன்?"

"மற்றக் கட்சி ஒஸ்லோவே கெட்டுப்போச்சு எண்டு சொல்லிக்கொண்டு திரியுது. அப்பிடி இல்லை அம்மா. கணக்கைப் பாத்தா களவும் அடிபிடியும் முந்தியிலும் பாக்கக் குறைஞ்சுதான் இருக்கு."

"குறைஞ்சதிலை ஒண்டு எனக்கு வந்து விழுந்திட்டுது போலை."

நீ சிரித்தாய், நானும் சிரித்தேன். பிறகு உன் கை என் தலையில் அப்படியே நின்றுவிட்டது. "இது என்ரை வேலை அம்மா" என்றாய். சரி, கதைக்கமாட்டேன் என்றேன். நீ சொன்ன கணக்குச் சரியாகத்தான் இருந்திருக்கும். நகரத்தை நடத்துகிறவர்கள் மொத்தமாகப் பார்க்கத்தான் வேண்டும், அது எனக்கு விளங்கும். ஆனால் என் பிள்ளையும் என்னை மொத்தத்தோடு சேர்த்துப் பார்த்துவிட்டானே என்று அன்றைக்கு எனக்கு நொந்தது. உனக்கு முதுகு காட்டி இருந்ததால் நீ அதைக் காணவில்லை.

அதற்குப் பிறகு மற்றக் கட்சி என்னிடம் வந்தது. கடைத்தொகுதிக்கு முன்னால் கூடாரம் போட்டுக் கோப்பியும் வாஃபிளும் கொடுத்துக்கொண்டிருந்தவர்களில் ஒரு பெண், எங்கள் கட்டடத்தில் யாரிடமோ விசாரித்துப் பூச்செண்டோடு வீட்டுக்கு வந்தா. அப்பா கொடுத்த தேத்தண்ணியைக் குடித்தா. என் கையைப் பார்த்து அவவுக்கு உண்மையாகவே கண் கலங்கியது. கூடாத மனுசி என்று சொல்லமாட்டேன். ஒரு சின்ன வீடியோ எடுக்கலாமா என்று கேட்டா. "நாங்கள் சொன்னால் இனவாதம் என்கிறார்கள். உங்களைப் போல ஒருவர் சொன்னால் அப்படி யாரும் சொல்ல முடியாது" என்றா. உன் ஆட்களுக்கு என் வாய் மூடியிருக்க வேண்டும், அவவின் ஆட்களுக்கு அதே வாய் திறக்க வேண்டும். அந்தப் பாதையால் திரும்பவும் பயமில்லாமல் நடக்க எனக்கு என்ன வேண்டும் என்று இரண்டு பக்கமும் கேட்கவில்லை. வீடியோ வேண்டாம் என்றேன். அவ போன பிறகு அப்பா என்னோடு கோபித்தார்.

"உமக்கு என்ன பயம்? நடந்ததைத்தானே சொல்லப்போறீர்."

"நடந்ததை நான் சொல்லுவன். அதிலை எதைக் காட்டுவினமெண்டு எனக்குத் தெரியாதே."

கோயிலில் வேறு கதை. கை எப்படி என்று விசாரித்த ஒருத்தர், "எல்லாம் அந்தக் கறுவலுகள்தான் அக்கா" என்றார். அவர் என்னிலும் பார்க்கக் கறுப்பு. நான் அவரைத் திருத்தவில்லை. ஓம் என்று சொல்லவும் இல்லை, ஆனால் என் தலை கொஞ்சம் ஆடியது எனக்குத் தெரியும். நாங்கள் பிள்ளைகளைப் படிப்பித்தவர்கள், வீடு வாங்கினவர்கள், பொலிஸ் வாசலுக்குப் போகாதவர்கள் என்று எங்களுக்குள் சொல்லிச் சொல்லியே நாங்கள் வேறு நிறம் என்று நினைக்கத் தொடங்கிவிட்டோம் போல.

ஹோதானை உனக்குத் தெரியும். என்னோடு வேலை செய்கிற சோமாலியாக்காரி, நோன்புப் பெருநாளுக்கு உனக்கென்று தனியாக, சமோசா மாதிரியான அந்தச் சம்பூசா கட்டித் தருகிறவ. நான் சுகவீன லீவில் இருந்தபோது பார்க்க வந்தா. வழக்கமாக நேரே குசினிக்குள் போகிறவ, அன்றைக்குக் கதிரை நுனியில் இருந்தா. அவவின் மகன் அப்டி அப்போது மின்சார வேலை பழகிக்கொண்டிருந்தான். நிலையத்தில் வைத்து அவனைப் பொலிஸ் மறித்து விசாரித்ததாம், பிறகும் ஒரு நாள் மறித்ததாம். வேலை உடுப்போடு, கையில் சாமான் பெட்டியோடு. சொல்லிவிட்டு என்னை நேராகப் பார்த்தா. நாங்கள் நோர்வேஜியத்தில் கதைத்ததைத் தமிழில் எழுதுகிறேன்.

"நீ ஒருத்தன்ரை முகத்தைக் கண்டனிதானே?"

"கண்டனான்."

"அப்ப மனதிலை இருக்கிறதை என்னட்டைக் கேள். என்ரை மகனோ எண்டு."

"நான் அப்பிடி நினைக்கேல்லை" என்றேன். ஆனால் அந்தச் சொல் வெளியே வரக் கொஞ்சம் பிந்திவிட்டது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான், ஹோதான் அதைக் கண்டுகொண்டா. நான் கண்டது ஹோதானின் மகனை இல்லை என்று எனக்கு நிச்சயம். அவன் உயரம் வேறு, முகம் வேறு, சின்னப் பிள்ளையிலிருந்து அவனைத் தெரியும். இருந்தும் அந்த ஒரு மூச்சில் அவன் முகத்தை அந்த முகத்துக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். பொலிஸிடம் என் மகனைப் போல என்று சொன்னவள் நான், ஆனால் உன் முகத்தை அப்படி வைத்துப் பார்க்க எனக்கு ஒருபோதும் தோன்றவில்லை. ஹோதான் தேத்தண்ணியை முழுக்கக் குடித்து, கோப்பையைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போனா. ஏசிவிட்டுப் போயிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும்.

பள்ளிக்கூட மண்டபத்தில் நடந்த கூட்டம் உனக்கு மறக்காது. நான் வருவேன் என்று உனக்குச் சொல்லவில்லை. எழும்பிப் பேச வேண்டும் என்று வரவும் இல்லை, என்னதான் சொல்லுகிறார்கள் என்று கேட்கத்தான் வந்தேன். நீ முன்னால் உன் தலைவருக்குப் பக்கத்தில் கடுதாசிகளோடு இருந்தாய். ஹோதான் நடுவில் எங்கேயோ இருந்தா. உன் தலைவர் ஒஸ்லோ பாதுகாப்பான நகரம் என்றார், நீ எழுதிக் கொடுத்த கணக்கைச் சொன்னார். எதிர்க்கட்சித் தலைவர் எழும்பி, இந்த மண்டபத்துக்குப் பக்கத்திலேயே ஒரு தாய் வீட்டுக்கு நடக்கப் பயப்படுகிறா என்றார். என்னைத்தான் சொன்னார். மேடையில் இரண்டு பேர் என்னைப் பற்றி வாதாடுகிறார்கள், நான் கடைசி வரிசையில் பிளாஸ்டர்க் கையை மடியில் வைத்துக்கொண்டு இருக்கிறேன். அந்தக் கை எப்போது மேலே போனது என்று எனக்கே தெரியாது.

"அந்தத் தாய் நான்தான்" என்று என் பேரையும் சொன்னேன். "ஒரு பக்கம் என்னைப் பேசவேண்டாம் என்றது. மற்றப் பக்கம் பேசு என்றது. இதுவரைக்கும் என்னிடம் மன்னிப்புக் கேட்டது என்னை விழுத்தினவன் மட்டும்தான். அவனைத் தேடுகிறோம் என்று என் சிநேகிதியின் மகனை மறிக்கிறீர்கள். அவன் இல்லை. கண்டவள் சொல்கிறேன், அவன் இல்லை." சொல்லும்போது நோர்வேஜிய வினைச்சொற்கள் எல்லாம் இடம் மாறி விழுந்தன. சிலர் கைதட்டினார்கள், சிலர் சிரித்தார்கள். பிறகு ஒவ்வொருவராக உன் பக்கம் திரும்பினார்கள். பேசவேண்டாம் என்றது யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே குடும்பப் பேர், அது உன் கழுத்தில் அட்டையில் தொங்கிக்கொண்டிருந்தது. அதை நான் யோசிக்கவே இல்லை ராசா. நான் சொன்னதற்கு இன்றைக்கும் வருத்தப்படவில்லை. ஆனால் நீ தலையைக் குனிந்து அந்தக் கடுதாசிகளை அடுக்கின விதத்தை நினைக்கும்போது, முதலில் உன்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாம் என்று தோன்றும்.

கூட்டம் முடிய உன் தலைவர் இறங்கி வந்து என் இடது கையைப் பிடித்து மன்னிப்புக் கேட்டார். என்னைக் கதைக்கவேண்டாம் என்று நீ சொன்னது அவருக்குத் தெரியாது என்று அவர் முகத்திலேயே தெரிந்தது. ஹோதான் வந்து என் பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டு, அந்தப் பாதையால் என்னோடு நடந்து வந்தா. எங்கள் வாசலில் வைத்து, "உன்ரை நோர்வேஜியம் இவ்வளவு மோசமெண்டு எனக்குத் தெரியாது" என்றா. அப்போதுதான் எனக்கு அழுகை வந்தது. அடுத்த நாள் என் வீடியோ எல்லா ஃபோனிலும் ஓடியது. "ஒரு பக்கம் என்னைப் பேசவேண்டாம் என்றது" என்ற இடத்தோடு வெட்டியிருந்தார்கள். அப்டியைப் பற்றிச் சொன்னது ஓரிடத்திலும் இல்லை.

உங்கள் கட்சி தோற்றது. தலைவர் போனால் ஆலோசகர்களும் போவது இங்கே வழக்கம்தான், அது உம்மால் இல்லை என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். வித்தியாசம் கொஞ்சம்தான் என்று ரீவியில் சொன்னார்கள். அந்தக் கொஞ்சத்துக்குள் நான் எவ்வளவு என்று எனக்குத் தெரியாது, உனக்கும் தெரியாது. நீ நகரத்தின் மற்றப் பக்கம், ஹொல்ம்லியாவில், வீடெடுத்துப் போனாய். அந்தக் குளிர்காலம் முழுக்க ஃபோனில் "ஓம் அம்மா, சாப்பிட்டன் அம்மா" என்பதோடு நிறுத்திக்கொண்டாய். பனி உருகின பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து, சப்பாத்துக் கழற்றாமல் கதவடியில் நின்றபடியே, "தலை பின்ன வேணுமோ?" என்று கேட்டாய். கை எப்போதோ சுகமாகிவிட்டது. வேணும் என்றேன்.

இப்போது அந்த மற்றக் கட்சி நகரத்தை நடத்துகிறது. அந்தப் பாதையில் விளக்குப் போட்டார்கள், அது நல்ல வேலை, யார் செய்தாலும் நல்ல வேலைதான். குற்றம் குறைந்துவிட்டது என்று இப்போது அவர்கள் சொல்கிறார்கள். தாய்மார் நடக்கப் பயப்படுகிறார்கள் என்று உன் பேச்சில் இருக்கிறது. கதிரை மாறக் கதையும் மாறிவிட்டது. இதற்காக உன்னை ஏசமாட்டேன். வெளியில் நிற்கிறவர்கள் சத்தமாகச் சொல்லாவிட்டால் உள்ளே இருக்கிறவர்கள் கேட்கமாட்டார்கள் என்று நீ சொல்வாய், அதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் கட்சியில் எத்தனையோ பேர் இருக்க, அந்தப் பகுதியை உன்னை ஏன் பேசச் சொல்கிறார்கள் என்று யோசித்தாயா? பூச்செண்டோடு வந்த பெண் என்னிடம் எதைக் கேட்டாவோ, அதைத்தான் உன்னிடம் கேட்கிறார்கள். நீ சொன்னால் அது இனவாதம் இல்லை. எங்கள் ஆட்கள் வாக்குச்சீட்டில் உன் பேருக்குப் பக்கத்தில் புள்ளடி போடுவார்கள், எங்கடை பெடியன் என்று. நானும் போடுவேன், அம்மா என்பதற்காகவே போடுவேன், மறைக்கவில்லை. கோயிலில் கறுவல் என்று சொன்னவரும் போடுவார். அவருடைய புள்ளடியை வேண்டாம் என்று சொல்லாதே, ஆனால் அவருக்கு இனிக்கிற மாதிரிப் பேசாதே.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். நான் விழுந்த கதையை எடு, ஆனால் முழுதாக எடு. அவன் மன்னிப்புக் கேட்டதையும் சொல். என்னைப் பேசவேண்டாம் என்று சொன்ன மகன் நீதான் என்பதையும் சொல். அது உனக்கு வாக்கைக் குறைக்கும் என்று உன் ஆட்கள் சொல்வார்கள், குறைக்கவும் கூடும். அதைச் சொல்ல முடியாவிட்டால் என்னை விட்டுவிட்டு வேறு ஏதாவது பேசு, எனக்கு மனவருத்தம் இல்லை. அப்டியைப் பொலிஸ் மறித்த கதை என்னுடையதல்ல, அதை நான் தர முடியாது. நேற்று வேலையில் ஹோதானிடம் கேட்டேன், என் மகன் அதைச் சொல்லலாமா என்று. "என்னட்டைக் கேக்காதே. என்ரை மகனுக்கு வாய் இருக்கு" என்றா. அப்டி இப்போது சொந்தமாக வேலை எடுத்துச் செய்கிறான். இந்தமுறை வாக்குப் போடப்போவதில்லை என்கிறானாம். எல்லாரும் தன்னைப் பற்றிக் கதைக்கிறார்கள், தன்னோடு ஒருத்தரும் கதைப்பதில்லை என்று தாயிடம் சொன்னானாம்.

சனிக்கிழமை மத்தியானம் தாயும் மகனும் இங்கே சாப்பிட வருகிறார்கள். நீயும் வா. பேச்சையும் கொண்டு வா. சாப்பிடும்போது அப்டிக்கு அதை வாசித்துக் காட்டு. உன் கடுதாசியைப் பார்க்காதே, அவனைப் பார். எந்த இடத்தில் அவன் கை சோற்றில் நிற்கிறதோ, அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, ஏன் என்று அவனிடமே கேள்.

அன்போடு,
அம்மா